பத்துக் கிலோவுக்குக் கீழே

வாளையாரில் எனக்கு எடை போடும் வேலை.
லாரி ஏறும். பலகையில் சிவப்பு எண் துள்ளும்.
துள்ளி நிற்கும்வரை காத்திருந்து சீட்டு அடிப்பேன்.
எங்கள் மேடைக்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.
நாலு கிலோ கூடியதும் குறைந்ததும் அதன் காதில் விழாது.

மார்ச்சில் பதினெட்டு மில்லிகிராம்.
முதல் நாள், காலை பதினொரு மணிக்கு,
மின்விசிறியின் சத்தம்
மின்விசிறிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.
முப்பத்தொன்பது வயதில் முதல்முறையாக
ஒரு ஃபைலை எடுத்த இடத்தில் வைத்தேன்.
வைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று பார்த்தேன்.
அழுகை வந்திருக்க வேண்டும்.
நாக்கு வறண்டிருந்த வறட்சிக்கு
கண்ணில் மட்டும் தண்ணீர் எங்கிருந்து வரும்.

ஜூனில் முப்பத்தாறு.
சாப்பிடுவது இன்னொரு வேலையாகிப் போனது.
டிபன் பாக்ஸைத் திறந்து தக்காளிச் சோற்றை
யார் வீட்டுக் கல்யாண ஆல்பமோ போலக்
கொஞ்ச நேரம் பார்ப்பேன். மூடுவேன்.
மேடை பெருக்கும் ஷாஜகான் அண்ணன்
அதை வாங்கி நாய்க்கு வைப்பார்.
நாய் நன்றாகத் தேறிவிட்டது.
நெஞ்சுக்குள் ஒரு லாரி
நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

மாலை ஐந்தரைதான் மோசம்.
மாத்திரை இறங்கும் நேரம்.
காலையிலிருந்து வரிசையில் நின்ற சத்தமெல்லாம்
செக்போஸ்ட் கம்பத்தைத் தூக்கிவிட்ட மாதிரி
ஹாரன் அடித்துக்கொண்டு ஒன்றாக உள்ளே வரும்.
அப்போது பார்த்து நிமலன் கேட்பான்,
அம்மா, கணக்கு நோட்டு?
வாங்கவில்லை. கத்தினேன்.
நோட்டுக்காக இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.
பத்து வயதில் அது தெரிந்திருக்கக் கூடாது.
"முந்தி மறதின்ன, இப்ப மாத்திரைங்கற"
என்றார் அவன் அப்பா, டிவியிலிருந்து திரும்பாமல்.

ராத்திரி இரண்டு மணிக்கு
காட்டுக்குள் ரயில் வேகம் குறைக்கும்,
யானை கடக்கலாம் என்று.
விழித்தபடி கேட்டுக் கிடப்பேன்
அந்த இரும்பின் பொறுமையை.

பாலக்காட்டில் டாக்டர் லிஸி மருந்தை மாற்றினார்.
இது வேறு கேப்ஸ்யூல், வேலை செய்ய ஆறு வாரம் ஆகலாம்.
குமட்டல் மட்டும் அன்றைக்கே வந்தது.
அதையும் நிறுத்தி, மறுபடி பழையது, இருபத்தேழு.
மருந்துக்கடைக்காரர் சீட்டைத் திருப்பித் தந்தார்:
"தீர்ந்துபோயி. வியாழாழ்ச வரும்."

அந்த ஆறு நாள்.
இங்கே நாற்காலியை ஒரு முழம் நகர்த்தினால்
ஃபோன் வேறு கோபுரத்துக்குத் தாவி
கேரளம் தங்களை வரவேற்கிறது என்கும்.
எங்கேயும் போகாமல் எல்லை தாண்டிக்கொண்டே இருந்தேன்.
பசித்தது! மூன்று பரோட்டா தின்றேன்.
லாரி எண்களை ராகம் போட்டுப் படித்ததில்
நிமலன் விழுந்து விழுந்து சிரித்தான்.
மூன்று சீட்டு தப்பாக அடித்தேன்.
அடுப்பை அணைக்காமல் வேலைக்கு வந்தேன்,
பாத்திரம் கருகியதோடு போயிற்று.

வெள்ளிக்கிழமை மறுபடி விழுங்கினேன்.
மதியம் வண்டி இல்லாத வேளையில் மேடையில் ஏறி நின்றேன்.
ஆஸ்பத்திரி எந்திரத்தில் ஐம்பத்து மூன்று
நாற்பத்தேழாகியிருந்தது.
பலகை போன வருஷம் காட்டிய ஐம்பதையே காட்டியது,
ஒன்றும் நடக்காத மாதிரி.

விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு ஷாஜகான் அண்ணன்
எல்லா வண்டிக்கும் கேட்பதையே கேட்டார்:
"டிரைவரோடவா, டிரைவர் இல்லாமயா?"

சீட்டில் இரண்டில் ஒன்றைக் குறித்தாக வேண்டும்.
நின்றுகொண்டே இருந்தேன்.
பின்னால் நாமக்கல் முட்டை வண்டி ஹாரன் அடித்தது.